முன்னிருக்கை வாத்தியார்

பஸ்ஸில் ஏறினால் வாத்தியாரின் கால் சும்மா இருக்காது. டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்பே இவர் தரையை மிதித்துவிடுவார். வீட்டில் மனைவி டம்ளரில் பால் ஊற்றினால், இவர் கை தானாகப் போய்ப் பாத்திரத்தைத் தாங்கும். "என்னைக் கொஞ்சம் நம்புங்களேன்" என்பாள் அவள். நம்புவார், கையை மட்டும் எடுக்க மாட்டார்.

பிளையிங் கிளப்பில் அவர் பொறுப்பில் ஒரு பயிற்சி விமானம். மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை, மரச்சட்டம், அதன்மேல் விறைப்பாகப் போர்த்திய துணி. தலைக்குமேல் கூரை கிடையாது. முன்னிருக்கையில் வாத்தியார், பின்னால் கற்றுக்கொள்பவர். இருவருக்கும் ஆளுக்கொரு ஓட்டும் கோல், காலுக்கு மிதிகள். ஒருவர் அசைத்தால் மற்றவருடையதும் அசையும். பேச்செல்லாம் ரப்பர் குழாய் வழியாகத்தான். "மூக்கைத் தூக்கு ராசா... இன்னும்... ஆங், போதும்" என்ற கொஞ்சலில் பயம் தெளிந்தவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது பின்னால் உட்காருபவள் அவருடைய அக்கா. தாயில்லாத பிள்ளையான இவரை இடுப்பில் சுமந்து ஆளாக்கியவள். அவளுக்குப் பின் சேர்ந்த பொடிசுகள்கூடத் தனியாகப் பறந்தாயிற்று. அவளை விட மட்டும் இவருக்கு மனம் வரவில்லை. "காத்து சரியில்லக்கா", "மேகம் கலையட்டும்க்கா" என்று தினம் ஒரு சாக்கு.

"இன்னைக்கும் நீ இறங்கி என்னைத் தனியா விடலேன்னா, நாளைக்கு வேற வாத்தியார்கிட்ட போயிடுவேன்டா." சொல்லிவிட்டுத்தான் அன்று ஏறினாள்.

ஒரு சுற்று முடிந்து விமானம் பூப்போலத் தரையில் அமர்ந்தது.

"பிரமாதம்க்கா! என்னமா இறக்கினே!"

"நான் எங்கடா இறக்கினேன்? கையை மடியில வச்சுக்கிட்டு, காலையும் இழுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வாத்தியார் குனிந்து, கோலைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாளும்...?"

"அதைத்தான்டா நானும் கேக்கறேன். ஓட்டறது நானா நீயான்னு எனக்கே தெரியலையே!"

அடுத்த சுற்றில் வாத்தியார், மேல் இறக்கையைத் தாங்கும் கம்பங்களை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார், அக்காவின் கண்ணில் படும்படி. இறங்கும்போது விமானம் தவளைபோல் ஒரு எம்பு எம்பியது. அவர் விரல்கள் வெளுத்தன, கம்பத்தை விடவில்லை. அக்கா சமாளித்து, மறுபடி தரை தொட்டு, நேராக ஓட்டி நிறுத்தினாள்.

"குதிச்சிடுச்சேடா."

"குதிச்சா குதிக்கட்டும்க்கா. நீயே இறக்கினேல்ல?"

முன்விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே, அக்காவைத் தனியாக அனுப்ப எழுந்து கீழிறக்கையில் கால் வைத்தார். ஆளில்லாத இருக்கையின் பெல்ட் வார்கள் அலைந்து கோலில் சிக்கிவிடக் கூடாது. இறங்குகிறவர்தான் கட்டிவிட்டுப் போக வேண்டும். காலி இருக்கையின் குறுக்கே வார்களை இழுத்துக் கொக்கியை மாட்டினார். ஆட்டிப் பார்த்தார். பிறகு, இன்னும் ஒரு பிடி இறுக்கினார்.