வெள்ளை வேட்டியும் காப்பி நிற சீட்டும்

எனக்கு ஒரு கெட்ட குணம். "உன்னால முடியாது" என்று யாராவது சொல்லிவிட்டால், அன்றைக்கே அதைச் செய்து காட்டியாக வேண்டும். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்திய என் கணவருக்கு இது தெரியாதா? தெரிந்தும் சொன்னார். காரின் தோல் சீட்டுக்கு நானே சாயம் ஏற்றப்போகிறேன் என்றதற்குத்தான்.

வாங்கும்போது அந்தச் சீட்டு நல்ல சந்தன நிறம். பிறகு மீன் குழம்பு, பிள்ளைகளின் வாந்தி, கோவில் குங்குமம் என்று எல்லாம் சேர்ந்து அதற்கு நிறமென்றே ஒன்று இல்லாமல் போயிற்று. வருகிற ஞாயிறு இந்தக் காரில்தான் என் தம்பிக்குச் சுங்கை சோ என்ற ஊரில் பெண் பார்க்கப் போக வேண்டும். தம்பிக்கு நாற்பத்தொரு வயது. ஏழு இடம் பார்த்து ஏழும் தட்டிப்போனது. இந்த இடமாவது அமையாதா என்று நான் வேண்டாத சாமி இல்லை.

கோல சிலாங்கூர் டவுனில் கார் சாமான் விற்கும் சீனர் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். ஒன்று காப்பி நிறச் சாயம். இன்னொன்று கடைசியில் பூசுவது. அதைப் பூசாவிட்டால் நிறம் துணியில் ஒட்டும் என்று மலாய் மொழியில் இரண்டு தடவை சொன்னார். வியாபாரத் தந்திரம், என்னிடமா என்று நினைத்துக்கொண்டு சாயத்தை மட்டும் வாங்கி வந்தேன்.

வேலை என்னவோ நன்றாகத்தான் செய்தேன். சோப்புப் போட்டுத் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சில் சாயத்தைத் தொட்டு நான்கு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறம் அம்சமாக வந்தது. பளபளப்புத்தான் இல்லை. எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் படாத பொருள் கிடையாது. தலைக்கு, வெட்டுக் காயத்துக்கு, கிரீச்சிடும் கதவுக்கு, சாமி படத்தின் சட்டத்துக்கு. ஞாயிறு காலை சீட்டுக்கும் தடவினேன். அப்படியே மின்னியது! "பரவால்லையே" என்றார் கணவர். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணி நேரப் பயணம், நல்ல வெயில். தம்பி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் முன் சீட்டில் மாப்பிள்ளைக் களையோடு உட்கார்ந்து வந்தான். பெண் வீட்டு வாசலில் அவன் இறங்கித் திரும்பியபோதுதான் பார்த்தேன். ஐயோ! பின்பக்கம் தோளிலிருந்து தொடைவரை காப்பி நிறம்.

"டேய், திரும்பாதடா! செவுத்த ஒட்டியே நட!"

"ஏன்க்கா?"

"கேள்வி கேக்காத லா!"

என் அரக்குப் புடவையிலும் கணவரின் கறுப்புக் கால்சட்டையிலும் கறை தெரியவில்லை. தொட்டுப் பார்த்தால் கையில் வந்தது. உள்ளே போனால் ஹாலில் இருந்த சோபா பால் வெள்ளை.

"உக்காருங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"இருக்கட்டுங்க, நிக்கிறோம்" என்றேன்.

மூன்று பேரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றோம். மறுபடி சொன்னார், மறுபடி மறுத்தேன். பெண்ணின் அம்மா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டாங்களாம்மா? போன தடவ வந்தவங்களும் உக்காரல. நின்னுக்கிட்டே பேசிட்டுப் போய்ட்டாங்க. பொண்ணு ஒரு வாரம் சாப்புடல."

எனக்குச் சுருக்கென்றது. என் மானத்தைக் காப்பாற்ற இன்னொரு வீட்டுப் பெண்ணை அழவைக்கவா? தம்பியின் தோளைப் பிடித்து, எல்லாருக்கும் முதுகு தெரியத் திருப்பி நிறுத்தினேன்.

"சம்பந்தம் புடிக்காம இல்லைங்க. இது நான் கார் சீட்டுக்கு அடிச்ச சாயம். உக்காந்தா உங்க சோபா போயிடும்."

அடுப்படிக்குள்ளிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. பெண்ணே வெளியே வந்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"அப்பாவோட கைலியும் சட்டையும் தரேன், மாத்திக்கச் சொல்லுங்க."

அப்பா நல்ல ஆகிருதி. தம்பி இடுப்பில் இரண்டு சுற்று வந்த கைலியைக் கையில் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். நாங்கள் இருவரும் பழைய நாளிதழ் விரித்து உட்கார்ந்தோம். அந்தக் கோலத்திலேயே தட்டு மாற்ற நாள் குறித்தார்கள்.

கிளம்பும்போது அவள் கார்வரை வந்தாள். சீட்டை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். நான் பின் சீட்டில் அவர்கள் கொடுத்த பழக்கூடையை எடுத்து வைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"இத்தனை பேரு கண்ணு பட்டிருக்கும்" என்று சொல்லி, தம்பியின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

வீடு வரும்வரை அவன் அதைத் துடைக்கவில்லை. சாயம் லேசில் போகாது என்று நான்தான் கவலைப்பட்டேன். போகாம இருக்கட்டும்க்கா என்றான்.