முட்டைக்கு ஓடு இருக்கிறது

ஆவி பறக்கும் இடியப்பத் தட்டுகளை வெறுங்கையால் இறக்குவேன். கல்லடியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் அப்போது எனக்கு வேலை. மற்றப் பெண்கள் பழந்துணி தேடும் நேரத்துக்குள் நான் நாலு தட்டு இறக்கியிருப்பேன். "இவட கை இரும்பு" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஒரு நாள் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் மூக்கைச் சுளித்து, எங்கேயோ இறைச்சி கருகுகிறது என்றாள். கருகியது என் இடது கை. அடுப்பு விளிம்பில் சுண்டுவிரல் பக்கத்தை ஊன்றிக்கொண்டு நான் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இதை வாசிக்கிற யாருக்காவது, சூடு தெரியாத, கிள்ளினால் நோகாத ஒரு திட்டு உடம்பில் இருந்தால், இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆசுபத்திரிக்குப் போங்கள். மிச்சத்தைத் திரும்பி வந்து வாசிக்கலாம். நான் கதைகாரி, எப்படியும் நீட்டித்தான் சொல்லுவேன்.

டொக்டர் என்னிலும் வயது குறைந்த பெண். காதுமடலில் சின்னதாகக் கீறி நீர் எடுத்தார். முழங்கையின் பின்பக்கம் விரலால் தடவி, கயிறு போலத் தடித்திருந்த ஒரு நரம்பை எனக்கே தொட்டுக் காட்டினார். தொழுநோய் என்றார் (ஊரில் குரலைத் தாழ்த்திக் குஷ்டம் என்பது இதைத்தான்). கிருமி நரம்புக்குள் குடியிருப்பதால் நோவு தெரிவதில்லை, நோவு தெரியாததால் கைகால் அழிகிறது. இரண்டு வருடம் குளிசை (மாத்திரை). முதல் தவணை குடித்த பிறகு பிறருக்குத் தொற்றாது.

"உங்கட கையால இனி ஆருக்கும் ஒண்டும் வராது," என்றார். "உங்கட கைக்குத்தான் எல்லாம் வரும். முழங்கை நொந்தா, விரல் மடங்கத் தொடங்கினா, அண்டைக்கே வாங்க. நாளைக்கு எண்டு நிக்கப்படாது."

இரண்டு வரி. முதல் வரியை நான் யாருக்கும் சொல்லாமல் விட்டேன். இரண்டாவது வரியைக் கேட்காமல் விட்டேன். என் கதை அவ்வளவுதான், இனி வருவதெல்லாம் எப்படி விட்டேன் என்பது.

முதலாளியிடம் நோயின் பெயரை மட்டும் சொன்னேன். அடுத்த நாள் போனபோது நான் பிழிந்த இடியப்ப உரல், தட்டுகள், தேத்தண்ணி குடித்த கோப்பை, குந்தியிருந்த பலகை எல்லாம் தெருவோரத்தில் இருந்தன. அவர் றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தார். "உன்னைப் போகச் சொல்லல்ல புள்ள. இந்தச் சாமானெல்லாத்தையும் கொண்டுபோய் நீயே ஒரு தொழிலத் தொடங்கு. உனக்குக் கைராசி இரிக்கு." பார்த்தவர்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிசனா என்று அவரைப் புகழ்ந்தார்கள். தொழிலுக்கு என் முதல் அதுதான். வேறு ஒருவரும் தொடமாட்டார்கள் என்பதால் எனக்குக் கிடைத்த சாமான்.

பின்னாளில் ஒரு சங்கத்தின் சுயதொழில் வகுப்புக்குப் போனேன். எல்லாரையும் எழுப்பி, ஏன் சொந்தமாகத் தொடங்கினீர்கள் என்று கேட்டார்கள். எனக்குச் சனங்கள் வாயால் வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு ஆசை, காது குளிரக் கேட்டேன். சைக்கிள் திருத்துகிறவர், காலையில் யாருக்கும் பல்லைக் காட்டத் தேவையில்லை என்றார். தையற்காரி ஒருத்தி, கடையில் அழுதால் சம்பளம் வெட்டுகிறார்கள், வீட்டில் அழுதுகொண்டே தைக்கலாம் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பத்திரத்தில் 'தொழில் தொடங்கியதற்கான காரணம்' என்று ஒரு கோடு இருந்தது. நான் 'விருப்பம்' என்று எழுதினேன்.

வகுப்புக்கெல்லாம் முன்னமே, சாமான் வந்த கையோடு வீட்டில் இடியப்பம் அவித்து மூன்று நாள் வாசல் படலையில் வைத்தேன். ஒருவரும் வாங்கவில்லை. வேலிக்கு அங்கால இருக்கும் கண்மணியக்கா மட்டும் நேர்மையான மனிசி, முகத்துக்கு நேரே சொன்னாள்.

"கோவிக்காத புள்ள. உன்ட கையால பிழிஞ்சத ஆருகா தின்னுவாங்க? முட்டை, தேங்காய் எண்டாப் பரவாயில்ல. முட்டைக்கு ஓடு இரிக்குதானே. உடைச்சு ஓட்ட எறிஞ்சாச் சரி."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தொழிலுக்கு இதைவிடத் தெளிவான யோசனையை அந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

அதே வாரம் தன்னாமுனையிலிருந்து அக்கா வந்து என் மகள் வதனியைக் கூட்டிப்போனாள். வதனிக்கு ஒன்பது வயது. தகப்பனை ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோய் நாலு வருடம் ஆகியிருந்தது, அவளுக்கு மிச்சம் நான்தான். அக்காவுக்கு இரண்டு குமர்ப்பிள்ளைகள். "என்ட ரெண்டையும் மறுகா ஆர் கட்டுவான்?" என்று அழுதாள். "ஆசுபத்திரி அட்டைய மூடின அண்டைக்கு வந்து புள்ளையக் கூட்டிக்கொண்டு போ. அதுவரைக்கும் படலைக்குள்ள வராத."

ஆகவே எனக்கு இரண்டு வேலை இருந்தது. நோய் மாற வேண்டும். மாறி அவள் வரும்போது சோறு போட ஒரு தொழில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகும் என்று நான் நினைக்கவேயில்லை.

முட்டை கரடியனாற்றுப் பக்கம் மலிவு. அது இயக்கத்தின் பக்கம், நாங்கள் இருந்தது ஆமியின் பக்கம், நடுவில் சோதனைச்சாவடி. முட்டையை உமி நிறைத்த பனையோலைக் கடகத்துக்குள் புதைத்துக் கொண்டுவருவேன். முதல் நாள் ஒரு சிப்பாய் உமியைக் குத்திப் பார்க்கக் கம்பியை ஓங்கினான். அத்தனையும் உடையும். பதறி, அடையாள அட்டையோடு சேர்த்து ஆசுபத்திரி அட்டையையும் நீட்டிவிட்டேன். அவன் வாசித்தான். "லாதுரு" என்றான். அந்த நோய்க்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அட்டையைக் கீழே போட்டு இரண்டடி பின்னால் போனான். "யன்ன, யன்ன." போ, போ.

அன்றிலிருந்து என் கடகத்தை யாரும் தொடவில்லை. இந்தப் பக்கத்து ஆமியும் தொடவில்லை, அந்தப் பக்கத்துப் பொடியன்களும் தொடவில்லை. ஊர் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் எடுக்கவில்லை. கண்மணியக்காவின் தம்பி கரடியனாற்றில் இருந்தார். அவருக்குக் கொடுக்கக் கண்மணியக்கா இரண்டு டோர்ச் பற்றரியும் ஒரு கடிதமும் கொண்டுவந்து, வேலிக்கம்பில் கட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். பற்றரி கொண்டுபோகத் தடை. பொலித்தீன் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள், பற்றரி நனையாமல் இருக்க அல்ல. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். சவர்க்காரம், தலையிடிக் குளிசை, மெழுகுதிரி. என் வீட்டுத் தண்ணீர் குடிக்காதவர்கள் என்னை நம்பி எல்லாம் தந்தார்கள். போகும்போது உமிக்குள் அவர்களுடைய சாமான், வரும்போது முட்டை. தொழில் பிடித்துவிட்டது.

போகும் பஸ் தன்னாமுனையைத் தாண்டித்தான் போகும். வதனி அக்கா வீட்டுப் படலையில் நிற்பாள். முதலில் ஓடிவந்து கை காட்டினாள். பிறகு நின்றபடி காட்டினாள். பிறகு நிற்க மட்டும் செய்தாள்.

சாவடியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது, லாதுரு நோனா (குஷ்டக்கார அம்மா). புதிதாக வரும் சிப்பாயை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு பகல் வரிசையில் நின்ற இளந்தாரி ஒருவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன். சிப்பாய் என்னைக் கூப்பிட்டான். அந்த இளந்தாரியின் முகத்தைத் தடவச் சொன்னான்.

வரிசை முழுக்க ஒதுங்கியது. அந்தப் பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். அடித்தாலும் அசையமாட்டான் போல நின்றவன் என்னைக் கண்டு நடுங்கினான். "அக்கா, வேணாம் அக்கா," என்றான்.

தொற்றாது தம்பி, எனக்கு ஒன்றும் இல்லை, குளிசை குடிக்கிறேன் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். தமிழில் மெல்லச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும். ஆனால் ஆமியில் தமிழ் தெரிந்தவனும் உண்டு. கேட்டால் அடுத்த முறை கடகத்துக்குள் கை போகும். நான் தடவினேன். நெற்றியிலிருந்து நாடிவரை, இடது கையால், அவர்கள் போதும் என்னும்வரைக்கும். அவன் முகம் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த விரல்களுக்கு எதுவும் தெரியாது. அவன் கண்ணீர் என் விரலில் பட்டதைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

அவன் எந்த ஊர் என்றும் எனக்குத் தெரியாது. எத்தனை வருடம் கண்ணாடி பார்த்து முகத்தில் திட்டுத் தேடியிருப்பான்?

ஒன்றரை வருடத்தில் நோய் மாறத் தொடங்கியது. குளிசையால் தோல் கறுத்தது, ஆனால் திட்டுகள் மங்கின. டொக்டருக்கு நல்ல சந்தோஷம். ஆசுபத்திரிக்கு வரும் பாதையையும் ஆமி அடிக்கடி பூட்டுவதால் மூன்று மாதக் குளிசையை ஒன்றாகத் தந்து, நோவு வந்தால் மட்டும் இடையில் ஓடி வரச் சொன்னார். அடுத்த பயணத்தில் ஒரு சிப்பாய் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கம்பியை எடுத்து உமிக்குள் ஒருமுறை செருகினான். இரண்டு முட்டை உடைந்தது. அன்று வரும் வழி. போகும் வழியாக இருந்தால் உடைந்திருப்பது நான்.

அந்த வாரமே இடது முழங்கை நோகத் தொடங்கியது. நரம்பு அழற்சி (நரம்பு வீங்கித் தன் உறைக்குள்ளேயே நசிவது). பல் நோவை முழங்கைக்குள் வைத்ததுபோல இருக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கின. இதற்குத்தான் அன்றைக்கே வரச் சொன்னார். அமர்த்துகிற குளிசை (ஸ்டீரொயிட்) சுணங்காமல் கொடுத்தால் விரல் திரும்ப நிமிரும்.

ஆசுபத்திரிக்குப் போகலாம் என்று வெளிக்கிட்ட நாளில் பாதை பூட்டு. திறந்த நாளில், முதலில் முட்டை வாங்கிவிட்டு வருவோம் என்று போனேன். கம்பி வைத்திருந்த அதே சிப்பாய் என் மடங்கிய விரல்களைக் கண்டான். கம்பியைத் தூர எறிந்துவிட்டு ஒதுங்கினான். அட்டைகூடக் கேட்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. அட்டையை ஒரு நாள் மூடுவார்கள். விரலை யாரும் மூட முடியாது. வதனி வந்த பிறகும் இந்தத் தொழில் இருக்கும்.

மூன்று மாதம் டொக்டரிடம் போகவில்லை. நோவுக்குத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன். போனபோது அவர் குண்டூசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தார்.

"எப்ப தொடங்கினது?"

"மூணு மாசமிருக்கும்."

"ஏன் வரல்ல?"

"பாதை பூட்டு."

"மூணு மாசமுமா?"

ஓம் என்றேன். அவர் குனிந்து எழுதினார். அதே பாதையால் வேறு நோயாளிகள் வந்துபோயிருக்கிறார்கள், அவருக்குத் தெரியாதா? பாதை பூட்டியிருந்தது பதினொரு நாள். மிச்சம் என்னுடையது. குளிசை தந்தார், குடித்தேன். நோவு போனது. விரல் நிமிரவில்லை. கூடவே உள்ளங்கையும் பாதி செத்துப்போனது.

இரண்டாம் வருட முடிவில் அட்டையை மூடி முத்திரை குத்தினார்கள். 'குணம்' என்று எழுதியிருந்தது. அதைக் கொண்டு நேரே தன்னாமுனைக்குப் போனேன். அக்கா இரண்டு தரம் வாசித்தாள். வதனி பதினொரு வயதுப் பிள்ளை, உயர்ந்துபோயிருந்தாள். உடுப்புப் பையைக் கட்டி ஆயத்தமாக வைத்திருந்தாள். என் கையைப் பார்த்தாள், பையை மற்றக் கையில் தந்தாள்.

டவுனுக்கு வரும் வழியில் செக்கிங். எல்லாரும் பஸ்ஸை விட்டிறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். வலது கையில் அவளுடைய பை. இடது கையில் அவள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்து நடந்தேன். வீட்டில் என்ன சமைப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பதில் சொல்லவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். பஸ்ஸடிக்கு வந்து, ஏறு மனே என்று மகள் பக்கம் கிறுகிப் பார்த்தேன். என் கை தனியே மடங்கிக்கொண்டு இருந்தது.

அவள் வெகுதூரம் பின்னால், சனம் நகர்ந்த பிறகும் அதே இடத்தில் நின்றிருந்தாள். தொலையவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"நான் அப்பவே விட்டுட்டன் அம்மா," என்றாள். "எப்ப தெரியும் எண்டு பார்த்தன்."

அடிக்கக் கை ஓங்கினேன். எந்தக் கையை ஓங்கினேன் என்று பார்த்து, இறக்கிக்கொண்டேன்.

தொழில் நன்றாகத்தான் நடக்கிறது. இன்றைக்கும் என் கடகத்தை யாரும் கிளறுவதில்லை. இதே நோயில் இருக்கிற உங்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் உண்டு. நோவு வந்தால் அன்றைக்கே போங்கள். நோவு ஒரு நாள் நின்றுவிடும், அதற்குப் பிறகு உங்களுக்கு நேரம் இல்லை.

மற்றவர்கள் எதையாவது பிடித்தால் பிடித்ததுதான், பிறகு வேறு யோசனைக்குப் போகலாம். நான் பிடித்திருக்கிறேனா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் நடந்து, மறுபடி பார்க்க வேண்டும். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வதனி இப்போது என் வலது பக்கத்தில்தான் நடக்கிறாள். அந்தப் பக்கத்துக் கை நன்றாக இருக்கிறது, அவள் விரல்களின் சூடுகூடத் தெரியும். இருந்தும் நாலு அடிக்கு ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.