வேலூர் வேண்டாம் என்று சொன்னவள்

வேலூருக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. சொன்னால் கொல்கத்தாவில் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் நம்புவதில்லை. தமிழ் பேசுகிறவள், அதனால் வேலூர்க்காரி. விஷயம் அதோடு முடிந்தது. காட்பாடியில் இறங்கி எந்தப் பக்கம் போக வேண்டும், லாட்ஜில் சமைக்க விடுவார்களா, கடுகெண்ணெய் கிடைக்குமா என்று வாரம் தவறாமல் யாராவது கேட்டுக்கொண்டு வருவார்கள். என் சொந்த ஊர் தூத்துக்குடி, அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, மாற்றலாகி நாங்கள் கொல்கத்தா வந்தபோது நான் சின்னப் பிள்ளை என்றெல்லாம் ஆரம்பத்தில் விளக்கம் கொடுத்துப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி தீதி, கடுகெண்ணெய் கிடைக்குமா?" என்பார்கள். இப்போதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

புற்றுநோய்ப் பிரிவில் நான் சமூகப் பணியாளர். அது என்ன வேலை என்று என் அம்மாவுக்கே சொல்லத் தெரியாது. லேக் கார்டன்ஸில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரில ஆபீஸ் வேலை" என்று முடித்துக்கொள்வாள். ஊசி போடுவதில்லை, மருந்து எழுதுவதில்லை. டாக்டர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனதை, ஆட்களை உட்கார வைத்துத் திரும்பச் சொல்வேன். வலி மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வேன். வீட்டுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரிப்பேன். அண்ணன் தம்பி சண்டை என்றால் விலக்கிவிடுவேன். இது இன்னார் பொறுப்பு என்று யாரும் தீர்மானிக்காத காரியமெல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும்.

வேலூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பெரிய வியாதி வந்தால் தெற்கே, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். போய்க் குணமாகித் திரும்பியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இனிமேல் குணமாகாது என்று தெரிந்த பிறகும் போகிறார்கள். தெருவையும் அதன் மனிதர்களையும் சேர்த்து இங்கே பாடா என்பார்கள். பாடாவில் ஒருவர் இறந்துபோனால், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வேலூர் கூட்டிட்டுப் போனீங்களா?" போனோம் என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். இல்லை என்றால் அந்த வீட்டுப் பெண்கள் பாடு திண்டாட்டம்தான்.

நான் சொல்ல வந்தது ஹவுராவிலிருந்து வந்த ஒருவரைப் பற்றி. லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கணையத்தில் புற்று, ஈரலுக்குப் பரவிவிட்டது. வயிற்றில் நீர் கோத்திருந்தது. டாக்டர் அவருடைய மனைவியையும் மகனையும் கூப்பிட்டு, இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், எங்கே கொண்டுபோனாலும் அதைத்தான் செய்வார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போல என் அறைக்கு அனுப்பிவிட்டார்.

மகனுக்கு முப்பது வயதிருக்கும். பாலிகஞ்சில் ஏதோ ஆபீஸில் வேலை. உட்காருவதற்கு முன்பே செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அடுத்த வாரம் காட்பாடிக்கு மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்திருந்தான். லாட்ஜுக்கும் சொல்லியாகிவிட்டது.

"தீதி, நீங்க அந்தப் பக்கத்துக்காரங்க. பாபாவை ரயில்ல எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு மட்டும் சொல்லுங்க. போகலாமா வேண்டாமான்னு கேக்க வரல."

அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் சொன்னதையே நானும் திரும்பச் சொன்னேன். "இங்க எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. அங்க வேற மாதிரி சொல்வாங்க," என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரயில் ஏறினால் கணையம் மாறிவிடுமா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவன் கண்ணைப் பார்த்தாலே சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனவன் என்று தெரிந்தது. முதலில் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன், பிறகு பேசலாம் என்றேன்.

அன்றைக்குக் காலையில்தான் அவருக்கு வயிற்று நீரை எடுத்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மகனை டீ வாங்கிவர அனுப்பினார்.

"நீங்கதான் வேலூர் தீதியா?"

"தூத்துக்குடி."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் கீழ. கடலோரம்."

"அங்க ஆஸ்பத்திரி இருக்கா?"

"இருக்கு. உங்க மகன் காதுல விழற மாதிரி கேட்டுடாதீங்க, அங்கயும் டிக்கெட் எடுத்துடுவார்."

சிரித்தார். சிரித்ததில் வயிறு வலித்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, ரயிலில் கக்கூஸ் நம் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்குமா என்று கேட்டார்.

சொல்லத் தெரியாது, டிக்கெட்டைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"எனக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும் தீதி. வீட்ல கேஸ்ட்ரிக்ங்கறாங்க. நானும் சரிங்கறேன். சாகப் பயமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ரயில் கக்கூஸை நினைச்சா அதைவிடப் பயமா இருக்கு. ஒரு நாளைக்கும் மேல ரயில்ல இருக்கணும். ராத்திரியில நான் எத்தனை தடவை எந்திரிக்கிறேன்னு என் சம்சாரத்துக்குத்தான் தெரியும். எல்லார் காலையும் தாண்டி, அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு, ஆடற வண்டியில... நடுவுலயே லுங்கியில போயிடுச்சுன்னா? என் வீட்ல கட்டிலுக்குப் பக்கத்துலயே கக்கூஸ். நானே நின்னு கட்டினது."

"மகன்கிட்ட சொல்லலாமே."

"அவன் லீவு போட்டுட்டான், பாடா முழுக்கச் சொல்லிட்டான். இப்ப நான் வரலன்னா, அப்பனே இவனை நம்பலன்னு ஆயிடும்." பிறகு, டீயோடு மகன் வருகிறானா என்று வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "நீங்க சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றார்.

மறுநாள் அந்த அம்மாள் தனியாக என் அறைக்கு வந்தாள். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. லுங்கி துவைக்கிறவளுக்குத் தெரியாதா?

"எனக்கும் கூட்டிட்டுப் போக மனசில்ல தீதி," என்றாள். "ஆனா இவர் போன பிறகு நான் அந்த வீட்லதான் இருக்கணும். மாடியில இருக்கற என் ஓர்ப்படியாள், அவ புருஷனை ரெண்டு தடவ வேலூருக்குக் கூட்டிட்டுப் போனா. அவரும் பிழைக்கல. ஆனா போனா. நான் போகலன்னா, புருஷனைச் சும்மா போட்டுச் சாகவிட்டவள்னு சாகிற வரைக்கும் கேக்கணும்."

யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தேவலை என்று அவள் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

முடிவைக் குடும்பத்தின் கையில் விட வேண்டும், நாம் எடுத்துத் தரக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு நானே அதைச் சொல்லித்தருகிறேன். ஆனால் இங்கே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எடுக்க வேண்டிய மனிதரே எடுத்துவிட்டார். அதை வெளியே சொல்லத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அம்மாவிடம், யார் எவர் என்று சொல்லாமல், விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"ஏட்டி, அவங்க வீட்டு விஷயம் உனக்கு எதுக்கு? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன்னையத்தான சொல்லுவாங்க," என்றாள் அம்மா.

"சொல்லட்டும்மா. அதுக்குத்தான்."

"நல்ல உத்தியோகம் பாக்க, போ," என்று ரசத்தை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த நாள் அந்த அம்மாளையும் மகனையும் சேர்த்து உட்கார வைத்தேன். "நான் அந்த ஊர்க்காரி. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளையும் தெரியும், இந்த ஆஸ்பத்திரியையும் தெரியும். நான் சொல்றேன், கூட்டிட்டுப் போகாதீங்க. டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்க," என்றேன். தூத்துக்குடிக்கும் வேலூருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அன்றைக்கு நான் பேசவில்லை.

மகன் எழுந்து நின்றுவிட்டான். "பாபாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது உங்க தலையிலதான்."

"சரி."

"நீங்கதான் தடுத்தீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

வெளியே வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான். எனக்கு இதயமே இல்லை என்றான், மதராசிகளே இப்படித்தான் என்றான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் கோபம் வராமல் இல்லை. அந்த மதராசிகளிடம் போவதற்குத்தானே டிக்கெட் எடுத்தாய் என்று நாக்கு நுனியில் நின்றது. கடைசியில் அவன் அம்மா, "தீதியே இப்படிச் சொன்ன பிறகு நாம என்னடா பண்றது?" என்றாள். அன்றைக்கு மத்தியானமே அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை நானும் ஒரு நர்ஸும் லாஞ்சில் ஆற்றைக் கடந்து அந்த வீட்டுக்குப் போய்வந்தோம். மார்ஃபின் மாத்திரையை எப்படிக் கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அந்த அம்மாளுக்குக் கற்றுக்கொடுத்தோம். மகன் முதலில் நான் வந்தால் வெளியே போய்விடுவான். பிறகு உள்ளேயே இருந்தான். பிறகு அவனே அப்பாவைத் தூக்கிக் கக்கூஸுக்குக் கொண்டுபோய்விட ஆரம்பித்தான். காளி பூஜை முடிந்து கொஞ்ச நாளில், ஒரு காலை வேளையில், அவர் தன் கட்டிலிலேயே இறந்தார். கடைசியில் பெரிய வலி இருக்கவில்லை. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை, அவருக்கு அமைந்தது.

சிராத்தத்துக்கு மறுநாள் இங்கே வீட்டில் மீன் சமைத்துச் சொந்தக்காரர்களுக்கும் பாடாக்காரர்களுக்கும் போடுவார்கள். அதோடு துக்கம் காக்கிற நாட்கள் முடிந்தன என்று கணக்கு. அந்த அம்மாள் போன் செய்து வரச் சொன்னாள். பொதுவாக நான் இப்படிப் போவதில்லை. அன்றைக்குப் போனேன்.

மாடிப்படியில் மகன் நின்றிருந்தான், மொட்டைத் தலையோடு. "கடைசி வாரம் பாபா எங்கிட்ட சொல்லிட்டார் தீதி. அவருக்கே போக இஷ்டமில்லையாம். ரயிலுக்குப் பயந்தாராம். உங்ககிட்ட அன்னிக்கு ரொம்பக் கத்திட்டேன்," என்றான். பரவாயில்லை, மாத்திரை மிச்சம் இருந்தால் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடு என்றேன்.

மொட்டை மாடியில் ஷாமியானா போட்டுப் பந்தி. என் வரிசையில் எல்லோரும் பாடாப் பெண்கள். அந்த அம்மாள் மீன் பரிமாறிக்கொண்டு வந்தாள். எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஓர்ப்படியாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஒரு தடவை வேலூர் காட்டியிருக்கலாம். என்னவோ, ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மனசு."

அந்த அம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மகன் திரும்பினான். "ஜேட்டிமா, அப்படி இல்ல, பாபாவேதான்..." என்று பெரியம்மாவிடம் ஆரம்பித்தான்.

நல்ல பையன். எனக்காகத்தான் பேச வந்தான். ஆனால் அந்த வாக்கியத்தை அவன் முடித்தால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நோயாளி ஆயிரம் சொல்வான், பெண்டாட்டிக்கு எங்கே போச்சு புத்தி என்பார்கள்.

"நான்தான் விடல," என்றேன். "ஆஸ்பத்திரியில இருக்கற மதராசி நான்தான். டிக்கெட் எல்லாம் எடுத்து வச்சிருந்தாங்க. இந்த அம்மா எவ்வளவோ கெஞ்சினாங்க. நான் முடியாதுன்னுட்டேன்."

ஓர்ப்படியாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க அப்பனா இருந்தா இப்படிச் சொல்லியிருப்பியா?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஓர்ப்படியாள் எழுந்து போய், எச்சில் கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அந்த அம்மாளை அணைத்துக்கொண்டாள். "நீ என்னடி பண்ணுவே? இவளுக கையில மாட்டினா நாம என்ன பண்ண முடியும்?" என்றாள். அந்த அம்மாள் அவள் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள். இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. பந்தியில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அவளிடம் போனார்கள்.

என் வரிசையில் நான் மட்டும் மிச்சம். மீன் நன்றாக இருந்தது, சாப்பிட்டு முடித்தேன்.