சத்தமில்லாத பக்கம்

பென்னாகரத்தில் நவநீதனின் குரலைக் கேட்காத ஆள் கிடையாது. துணிக்கடை திறப்பா, கோவில் கும்பாபிஷேகமா, இலவசக் கண் சிகிச்சை முகாமா, நாளைக்குக் கரண்ட் இருக்காது என்கிற சேதியா, எதுவானாலும் ஆட்டோ மேல் கட்டிய குழாயில் "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அந்தக் குரல்தான் வரும். அடேயப்பா, என்ன குரல்! ஒரு சொல்லாவது தடுக்கி விழ வேண்டுமே, கிடையாது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் டீக்கடைக்கு வந்தால்தான் விஷயம் தெரியும். "அ... அ..." என்று கழுத்து நரம்பு புடைக்க நிற்பார். "அண்ணா, ஒரு டீ" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரரே கிளாசை நீட்டிவிடுவார்.

திக்குவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதிலும் அகரத்தில் தொடங்கும் சொல் வந்தால் தொண்டை பூட்டிக்கொள்ளும். அப்புறம் எப்படி அந்தக் குரல் என்று கேட்டால், எல்லாம் கம்ப்யூட்டர் புண்ணியம். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் உட்காருவார். திக்கித் திக்கிப் பேசுவார். வராத சொல்லை வரும்வரை விடமாட்டார். பிறகு திக்கலையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல சொற்களை மட்டும் பூக்கட்டுவதுபோலக் கோத்தெடுப்பார். ஆட்டோ தெருவில் போகும்போது, ஜன்னலோரம் நின்று காது கொடுத்துக் கேட்பார். நாற்பத்திரண்டு வயது மனிதருக்கு அதில் அப்படியொரு கர்வம்.

தை மாதம் அந்தக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை புகைந்து போயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் நிசார் அகமதுதான் புதிது மாட்டிக் கொடுத்தார். மாட்டிவிட்டு, பின்பக்கம் இருந்த சின்ன ஸ்விட்சைக் காட்டினார்.

"இந்தப் பக்கம் தள்ளுனா உள்ள இருக்கற ஃபேன் எப்பவும் ஓடுங்கண்ணா. அந்தப் பக்கம் தள்ளுனா சூடு ஏறுனாத்தான் ஓடும், மத்த நேரம் சத்தமே இருக்காது. ஆனா நீங்க கதவச் சாத்திக்கினு உக்கார்ற ரூமு. நம்ம ஊரு வெயிலுக்கு எப்பவும் ஓடறதே நல்லது."

நல்லதுதான். ஆனால் ஃபேன் ஓடினால் மைக்கில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் விழுகிறதே! சொல்லை வெட்டி ஒட்டுகிற இடத்திலெல்லாம் அந்த இரைச்சலும் அறுந்து அறுந்து கேட்டது. இங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, இங்கேயும் போட்டிருக்கிறது என்று ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். நவநீதன் யோசிக்கவே இல்லை. ஸ்விட்சைச் சத்தமில்லாத பக்கம் தள்ளினார்.

மாசி பிறந்ததும் தெருவில் புளி தட்ட ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் புளியைக் கொட்டி, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிறார்கள். தெரு முழுக்கத் தூசி. மனைவி சசிகலா, கம்ப்யூட்டருக்குள் தூசி போகக்கூடாது என்று பழைய கம்பளி ஒன்றை எடுத்துப் பெட்டி மேல் போர்த்திவிட்டாள். சத்தம் போடாத பெட்டி ஆயிற்றே, ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நவநீதனும் சில நாள் கம்பளியை எடுக்காமலே வேலை பார்த்தார்.

வீட்டில் இன்னொருவர் இருந்தார். நவநீதனின் அப்பா சென்னப்பன். ஒரு காலத்தில் ஒகேனக்கல் ரோட்டோரப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர். இப்போது ஞாபகம் உதிர்ந்துகொண்டே வருகிறது. மருமகளின் பேர் மறந்துவிட்டது, சாப்பிட்டது மறந்துவிடுகிறது. தெரியாத ஆள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், கட்டிலுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொள்வார். மகன் வந்து கூப்பிட்டால்தான் வெளியே வருவார். ஆட்டோ போகும்போது மட்டும் தலையை நிமிர்த்திக் கேட்பார்.

"யார்ரா அவன், இந்தப் பேச்சுப் பேசறான்?"

"உங்க பையன்தாங்க மாமா," என்பாள் சசிகலா.

"போம்மா. எம்பையன் இப்பிடியா பேசுவான்!"

நவநீதனுக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். பெற்றவனுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வேலை சுத்தம் என்று நினைத்துக்கொள்வார்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் மதியச் சோற்றைப் போட்டுக்கொண்டு போன சசிகலா, காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். பின்கதவு திறந்து கிடந்தது. மாமனார் இல்லை. தெருவில் புளி தட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திகூடப் பார்க்கவில்லை. போன தடவை பஸ் ஸ்டாண்டில்தான் கிடைத்தார் என்று சசிகலா அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு அங்கே ஓடினாள். ஆட்டோக்காரர் மாதவராஜ் விஷயம் கேட்டு, குழாயோடு வந்து வாசலில் நின்றார்.

"ண்ணா, நானே மைக்ல சொல்லிக்கினு போயிடட்டுமா?"

நவநீதன் தலையை ஆட்டினார். கூடாது. ஊர் நம்புவது அந்தக் குரலைத்தான். இரு என்று கையைக் காட்டிவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"அ... அ... அன்..." வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. 'காணவில்லை' வந்துவிட்டது. 'சென்னப்பன்' வந்துவிட்டது. 'வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு' வந்துவிட்டது. 'அப்பா' என்கிற சொல் மட்டும் வரமாட்டேன் என்றது. அதைப் 'பெரியவர்' என்று மாற்றி, வெட்டி, ஒட்டி, கடைசி வரிக்கு வந்தபோது திரை பொசுக்கென்று இருண்டது.

கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நிசாருக்குப் போன் போட்டார். திக்கலுக்கு நடுவே நிசாருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பெட்டி மேல ஏதாச்சும் போத்தி வெச்சிருக்கீங்களா?"

அப்போதுதான் கம்பளி ஞாபகம் வந்தது. உருவினார். பெட்டி தோசைக்கல்லாகச் சுட்டது.

"சூடு தாங்காம அதுவே நின்னுருக்குங்கண்ணா. கொஞ்சம் ஆற விட்டு, ஸ்விட்ச எப்பவும் ஓடற பக்கம் தள்ளி ஆன் பண்ணுங்க. சத்தம் வந்தா வந்துட்டுப் போவுது, மாத்திடாதீங்க!"

காத்திருந்த நேரம் யுகமாகப் போயிற்று. வாசலில் மாதவராஜ் ஹாரன் அடித்தார். நவநீதன் ஸ்விட்சைத் தள்ளி ஆன் செய்தார். மாதக்கணக்கில் சரியாக ஓடாத ஃபேனில் புளி நார் சிக்கியிருந்தது போலும், 'கர்ர்' என்று முனகிக்கொண்டே சுற்றியது. முதலில் செய்ததெல்லாம் போய்விட்டது. மறுபடி பேசினார், மறுபடி ஒட்டினார், போட்டுக் கேட்டார். ஒவ்வொரு ஒட்டிலும் அந்த இரைச்சல் வெட்டி வெட்டிக் கேட்டது. கேட்டால் என்ன? சேதி புரிகிறதில்லையா? கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதானே?

கொடுக்கவில்லை! பெற்ற அப்பனைக் காணோம், இந்த மனுஷன் ஒட்டுத் தெரிகிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னவென்று சொல்வது? இத்தனை வருஷம் மூடிவைத்த ஒட்டுவேலை இன்றைக்கு அம்பலமாகிவிடுமே என்கிற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு தடவை, சுத்தமாக ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டு ஸ்விட்சைத் திரும்பவும் சத்தமில்லாத பக்கம் தள்ளினார்.

பாதி முடிவதற்குள் மறுபடி நின்றது. இந்தத் தடவை கருகல் வாடையும் வந்தது.

அதே நேரம் சசிகலாவின் போன். "ஏங்க, மாமாவ ஒகேனக்கல் ரோட்டுல பாத்தாங்களாம். கடைசி வூடெல்லாம் தாண்டிப் போனாராம். அந்தப் பக்கம் ரெண்டு நாளா யானை எறங்குதுன்னு சொல்றாங்க. என்னங்க பண்றீங்க இன்னும்?"

நவநீதன் ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஊர் முடிந்து, ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் ஆரம்பித்தன. மாதவராஜ் ஒரு கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். "சென்னப்பன் தாத்தா! எங்க இருந்தாலும் ரோட்டுக்கு வாங்க! சென்னப்பன் தாத்தா!"

ஒரு பதிலும் இல்லை. காடு தொடங்குகிற இடத்தில் வனக்காவலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தண்ணிக்கு யானை எறங்குற நேரம். சத்தம் போட்டுக்கினு இங்க நிக்காதீங்க, திரும்புங்க."

"இவுங்க அப்பாவக் காணோம் சார். கொஞ்ச நேரம்," என்றார் மாதவராஜ்.

காவலர் காட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "சீக்கிரம்," என்றார்.

மாதவராஜ் மறுபடி கூப்பிட்டார். நவநீதனுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாத குரல் கேட்டால் அவர் பதுங்கிக்கொள்வாரே! இவ்வளவு நேரமும் நாமே அவரைப் பதுங்க வைத்துக்கொண்டிருக்கிறோமோ? மைக்குக்குக் கையை நீட்டினார். மாதவராஜ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மைக்கைக் கொடுத்தார்.

"அ..."

குழாய் அதை ரோடு முழுக்கக் கொண்டுபோனது. ஒகேனக்கல்லிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வேன் ஒன்று வேகம் குறைத்தது. ஜன்னலில் சில முகங்கள், யாரோ சிரித்தார்கள். நவநீதனின் காது சிவந்தது. வெட்டி எறிய இங்கே ஒன்றும் இல்லை.

"அ... அ... அப்... அ..."

தொண்டை பூட்டிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். அழுகை வந்தது, சொல் வரவில்லை. விடவில்லை.

"அ... அப்... அப்பா!"

சற்றுத் தள்ளி, ரோட்டுக்குக் கீழே மழைத்தண்ணீர் போகிற குழாய்ப் பாலத்துக்குள் இருமல் சத்தம் கேட்டது.

"வரேன்டா, வரேன். எதுக்குடா அவசரம்? மெதுவாச் சொல்லு."

முதலில் பச்சைத் துண்டு தெரிந்தது, பிறகு தலை. மடி நிறையப் பொறுக்கிய புளியோடு சென்னப்பன் தவழ்ந்து வெளியே வந்தார். முட்டியில் ரத்தம். நவநீதன் மைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

"எவனோ எம்பேரச் சொல்லி ரொம்ப நேரமாக் கத்திக்கினு இருந்தான்டா நவநீ," என்றார் சென்னப்பன், ரகசியம்போல. "நான் வாயத் தொறக்கல. அப்பறம் நீ கூப்ட்ட பாரு, நம்ம பையன்னு தெரிஞ்சுபோச்சு."

நவநீதன் தேம்பினார். காவலர் விரட்ட, மூன்று பேரும் ஆட்டோவில் ஏறித் திரும்பினார்கள். ஊருக்குள் வரும்வரை சென்னப்பன் மடியைப் பிடித்த கையை விடவில்லை.

நிசார் வந்து வேறு பவர் சப்ளை மாட்டினார். இந்தத் தடவை அவர் வாயைத் திறப்பதற்குள், நவநீதனே பின்னால் கையை விட்டு ஸ்விட்சை எப்பவும் ஓடுகிற பக்கம் தள்ளினார். கம்பளி கட்டிலுக்குப் போய்விட்டது.

அடுத்து வந்தது ஒரு பாத்திரக்கடை விளம்பரம். ஃபேன் இரைச்சலோடு பேசினார், இரைச்சலோடு ஒட்டினார். எல்லாத் திக்கலையும் வெட்டியவர், முதல் சொல்லில் மட்டும் கை வைக்கவில்லை. கடைக்காரர் என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டே, பென்டிரைவை மாதவராஜிடம் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. "அ... அ... அன்பார்ந்த பொதுமக்களே!"

புளி தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. உள்ளே கட்டிலில் படுத்திருந்த சென்னப்பன் எழுந்து உட்கார்ந்து, துண்டைத் தேடினார்.

"நவநீ கூப்புடறான்ம்மா," என்றார் மருமகளிடம். "கதவத் தொற."