கயிற்றின் மேல் கயிறு

சமஸ்தானம் கலைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். திருக்கோகர்ணத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கொல்லையில் நல்ல ஆழமான கிணறு. அதில் கிடந்த ராட்டினத்தை நானே கழற்றிப் போட்டேன். ராட்டினம் இழுக்கும் திசையை மாற்றுமே தவிர, பாரத்தில் குன்றுமணி அளவுகூடக் குறைக்காது. அதற்குப் பதிலாக, நெருக்கமாக நின்ற இரண்டு கல்தூண்களுக்கு நடுவில் ஒரு உருட்டுக்கட்டையைப் படுக்க வைத்து, முனையில் நீளமான கைப்பிடி பொருத்தினேன். கைப்பிடியைச் சுற்றினால் கட்டையில் கயிறு சுருண்டு வாளி மேலே வரும். கை பெரிய வட்டம் போடும், கட்டை சின்ன வட்டம் போடும். கை அதிக தூரம் போவதால் கொஞ்சம் பலமே போதும். சக்கரமும் அச்சும் என்று வகுப்பில் கரும்பலகையில் வரைவேனே, அதே சங்கதிதான்.

என் மனைவிக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவள் முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்துவிட்டது. இதாவது தங்கவேண்டுமே என்று நாங்கள் வேண்டாத தெய்வமில்லை. அப்படியானால் தண்ணீரை நீயே இறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாத்தியார் பொம்பளை வேலை பார்க்கிறார் என்று தெருவில் சிரிப்பார்களாம்! அந்தப் பாழாய்ப்போன வெட்கம் எனக்கு.

அந்த வருஷம் மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. வாளி எட்டவில்லை என்று அவள் சொல்ல, இன்னொரு கயிற்றை முடிந்து கொடுத்தேன். சில நாள் கழித்து அவள் மறுபடி வந்து நின்றாள்.

"என்னங்க, அடியில இருக்கையில லேசாத்தான் வருது. மேல வரவர கையப் பிடிச்சு இழுக்குது."

நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அடி கிறுக்கி, மேல வரவர தொங்குற கயிறு குறையுதுல்ல? கனமும் கொறையத்தான் செய்யும். வாளி என்ன, வர்ற வழியில சோறு தின்னுட்டா வருது?"

"எனக்கு என்னங்க தெரியும், கை வலிக்குது."

"வலிக்காது. எல்லாம் நெனப்புத்தான்."

இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் படித்த படிப்பை இவள் பொய்யாக்குகிறாளே என்ற எரிச்சல்.

ஏழாம் மாதம். ஒரு காலைப்பொழுதில் வாளி கிணற்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அங்கே கை நழுவியிருக்கிறது. வாளி கீழே பாய, கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று அவள் வயிற்றில் அடித்தது. நான் ஓடிப் பார்த்தபோது தரையில் சுருண்டு கிடந்தாள். மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆண் பிள்ளை. மூச்சில்லை.

மறுநாள் குளிக்க வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் இல்லை. கட்டை கட்டிய நாளிலிருந்து அன்றுதான் நான் முதல்முதலாகக் கைப்பிடியைத் தொட்டேன். முதலில் சுலபமாகத்தான் சுற்றியது. பாதிக்கு மேல் இறுகியது. வாளி கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் நெஞ்சைக் கொடுத்து அழுத்தவேண்டியிருந்தது. அப்போதுதான் கட்டையைப் பார்த்தேன். கட்டை குட்டையானது, நீளக் கயிறு படர இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வரிசை ஏறிக் கிடந்தது. கட்டை ரெண்டு மடங்கு தடித்துவிட்டது. அச்சு தடித்தால் பலம் அதிகம் வேண்டும். என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகூட இதைச் சொல்லும். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். கிணற்றடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு ஏறியது, கட்டை தடித்தது, கணக்கு மாறியது என்று காற்றில் விரலால் வட்டம் போட்டுக்கூடக் காட்டினேன்.

"நீ சொன்னதுதான் நெசம்," என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எதுக்குங்க?" என்றாள். "அத்தனை தடவை சொன்னேனே, ஒரே ஒரு தடவை எந்திரிச்சு வந்து சுத்திப் பாத்திருக்கலாம்லங்க?"