ஒரு ஹாரன், இரண்டு குரல்

செக்கிங் வேலைக்குக் கண் வேண்டும், காது வேண்டும், மூன்றாவதாக இன்னொன்றும் வேண்டும் என்பார் என் பெரியப்பா. அது எது என்பதுதான் மறந்துபோயிற்று. பிறர் தப்பைத் தேடிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு என் அவஸ்தை புரியும். யுத்தத்தில் ரங்கூனை விட்டு ஓடிவந்து, நாற்பத்தேழு வயதில் சேலத்தில் ஒரு பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனவன் நான்.

வளைவில் நின்றது

ஒரு பஸ்ஸுக்கு ஒரே ஹாரன், ஒரே குரல் என்பது கம்பெனி உத்தரவு. சங்ககிரி இறக்கத்து வளைவில் ஒரு புளியமரத்தடியில் மறைந்து நின்றேன். ரோட்டோரம் மாடுகள். டிரைவர் காதர் பாய் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வேகமாக வந்தார். வரும்போது கீச்சென்ற குரல். என்னைத் தாண்டியதும் கம்மிப்போன குரல். திருட்டுத்தனமாக இரண்டாவது ஹாரன் மாட்டியிருக்கிறார் என்று, அவருக்குப் படிக்கத் தெரியாத இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதினேன்.

இருபது வருஷம் ஓட்டியவரை முதலாளி ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பஸ் கழுவப் போட்டார். மாசக் கடைசியில் வேலையை விட்டே நிறுத்திவிடுவதாகப் பேச்சு. பாய் வாளியோடு என் முன்னால் வந்து நின்றார். "ஏனுங்க இன்ஸ்பெக்டரு, அந்த ரெண்டாவது ஹாரன் எங்கிருக்குதுன்னு காட்டுனீங்கன்னா, அதையுஞ் சேத்துக் கழுவிப்போடுவனுங்க."

பானெட்டைத் திறந்தது

திறந்து பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. கழற்றி ஒளித்திருப்பார் என்று சீட்டுக்கடியில்கூடக் குனிந்து தேடினேன். கண்டக்டர் பழனி ஹாரனை அழுத்திக் காட்டினான், ஒரே குரல். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பழனி மட்டும் பொத்தவில்லை. "நின்னா ஒண்ணு, ஓடுனா ரெண்டுங்களா? அப்ப ஓடுற ஓட்டத்துல குட்டி போட்டிருக்குமுங்க!"

ஏறி உட்கார்ந்தது

மறுநாள் அதே பஸ், வேறு டிரைவர், அதே இறக்கம். ஹாரனை விடாமல் அழுத்தச் சொல்லி நான் உள்ளே உட்கார்ந்தேன். வளைவில் பழனியை நிற்கவைத்தேன். எனக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே குரல்தான் கேட்டது. பஸ்ஸை நிறுத்தியதும் பழனி மூச்சிரைக்க ஓடிவந்தான். "எனக்கும் ரெண்டாத்தானுங்க கேட்டுது. ஆனா ரெண்டாவது வண்டியில இல்லீங்க, ரோட்டோரம் நிக்கிறவன் காதுலதான் இருக்குதுங்க."

அப்போதுதான் உறைத்தது. சத்தம் போடுவது நம்மை நோக்கி வந்தால் ஒலியலைகள் நெருங்கிக் கீச்சென்று கேட்கும். விலகிப் போனால் அலைகளும் விலகித் தணிந்து கேட்கும். காலேஜில் இன்டர்மீடியட் படித்தபோது ரயில் விசிலை உதாரணம் காட்டி, இதையே இங்கிலீஷில் உருப்போட்டு எழுதி மார்க் வாங்கியவன் நான். பஸ்ஸை விட்டு இறங்கவே கால் கூசியது.

படித்ததைக் காதால் கேட்டும் தெரிந்துகொள்ளாத என் படிப்பின் லட்சணத்தை, பிசகு என்னுடையது, பாய்மேல் தப்பில்லை என்று தமிழில் எழுதி, ஷெட்டில் முதலாளியும் எல்லா டிரைவர்களும் நிற்க, நானே உரக்க வாசித்தேன்.