கைருன் பீயின் சாட்சியம்

செஞ்சி கடைத்தெருவில் பாவாடை தைத்துப் பிழைத்த கைருன் பீக்குப் பிறவியிலேயே காதும் கேட்காது, பேச்சும் வராது. ஆனால் அவள் கையை ஆட்டி வைதால் தெருவுக்கே புரியும்.

அறுபத்து மூணாம் வருஷம் ஒரு சர்க்கார் விழா மேடையில் அவளுக்கு ஒரு தையல் மிஷின் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் காலையிலேயே ஜீப்பில் வந்து அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஊரிலும் விழா இருந்ததாம்.

அறுபத்து நாலில், பெண்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் சர்க்கார் செய்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, தில்லியிலிருந்து பாராளுமன்றக் குழு வந்தது. பயணியர் விடுதிக்குக் கைருனைப் பக்கத்துக் கடை பச்சமுத்து கூட்டிப் போனான்.

குழுவின் முன்னால் அவள் காலால் மிஷின் மிதிப்பதுபோல் காட்டினாள். அதைத் தூக்கிப் போனதையும் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் விரித்து, எங்கே என்று கேட்டாள்.

"மிஷின் வந்ததிலேருந்து கை நிறைய வேலையாம். நன்றி சொல்லுதுங்க" என்று அவள் சைகைக்கு அர்த்தம் சொன்னார், குழுவோடு இருந்த நல அதிகாரி.

குழு கைதட்டியது. தான் வைததற்கு யாரும் கைதட்டி கைருன் பார்த்ததில்லை.

குழுத் தலைவர் எழுந்து அவளைக் கும்பிட்டார். கைருன் அவர் எழுந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் நின்ற ஜீப்பில் ஏற்றினாள். திரும்பி வந்து, உட்கார இடமில்லாமல் நின்ற தலைவருக்கு நேரே இரண்டு கையையும் விரித்தாள்.

தலைவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தரையைப் பார்த்தார்.

"சார், இப்ப இன்னா சொல்லுதுன்னு சொல்லுங்களேன்" என்றான் பச்சமுத்து.